நிரம்பினால் நிற்கும் பிரிகேடியர்

அத்தியாயம் ஐந்து

"ஒரு மெக்கானிக்கைக் கொல்லத் துப்பாக்கி வேணாம் மெர்வ். 'இவன் டேங்க்ல தண்ணி ஊத்திட்டான்'னு ஒருத்தன் சொன்னா போதும். மிச்சத்த ஊர் பாத்துக்கும்."

ட்ரேஸி இதைச் சொன்னது என் தபால் நிலையக் கவுண்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு. கண் சிவந்திருந்தது. அழுகையா கோபமா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

மெர்வ் டல்லி வாயிலிருந்த தீக்குச்சியை இடக்கடையிலிருந்து வலக்கடைக்கு மாற்றினார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். போலீஸில் இருந்த காலம் முழுக்க மெர்வ் பிடித்தது ஆட்டுத் திருடர்களை. கொலைகாரனைப் பிடிப்பதைவிட அது கஷ்டமாம். பிணம் போட்ட இடத்தில் கிடக்கும், ஆடு கிடக்காது. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஊர் யெல்லபினில் யாருக்கு எது காணாமல் போனாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். நான் க்ளெனிஸ் டாப். ஊர்த் தபால்காரி, மெர்வுக்குச் சம்பளமில்லாத உதவியாளர். எனக்கு வாய் நீளம் என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கும் ஒன்றும் குட்டையில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லு," என்றார் மெர்வ்.

"என்னத்த சொல்றது? பிரிகேடியர் ஒத்திகைக்குக் கிளம்பும். எங்க ஒர்க்‌ஷாப் வாசல்ல வந்து நிக்கும். ஒவ்வொரு வாட்டியும் அங்கயேதான்! ப்ளூ போய்ப் பாப்பான், கிளம்பிடும். 'நிக்க வைக்கறவனுக்குத்தானே கிளப்பத் தெரியும்'னு பிராட்லி ஆரம்பிச்சாரு. இப்ப ஊரே அதைத்தான் பாடுது."

பிரிகேடியர் என்பது ஆள் இல்லை. ராணுவம் ஏலம் விட்ட ஆறு சக்கர டீசல் லாரி. போரில் மாண்டவர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் ஊர்வலத்தில் நடக்க முடியாத பழைய சிப்பாய்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவது அதுதான். பிராட்லி, எங்கள் பழைய படைவீரர் சங்கத்தின் தலைவர். ப்ளூ, ட்ரேஸியின் கணவன், முன்னாள் ராணுவ மெக்கானிக். தலைமுடி செக்கச்செவேலென்று இருப்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி அவனுக்கு 'நீலம்' என்று பெயர் வைத்தோம். மொட்டைத் தலையனுக்குக் 'கர்லி', அதாவது சுருட்டை, என்று வைத்தவர்கள் நாங்கள்.

"நாளைக்கு ஊர்வலம். இன்னிக்கு மத்தியானம் கடைசி ஒத்திகை," என்றாள் ட்ரேஸி. "அது முடிஞ்ச கையோட ப்ளூவை சங்கத்துலேர்ந்து தூக்கத் தீர்மானம் போடறாங்க. சங்கம் போனா போகுது, எங்களுக்கு என்ன! ஆனா ஊரு முன்னாடி முத்திரை குத்திட்டா அப்புறம் எவன் டிராக்டர் கொண்டாந்து விடுவான்? இது விதைப்பு நேரம். ஷெட்டுல நிக்க இடம் இருக்கக் கூடாது. இப்ப வந்து பாரு, புறா மேயுது. பாதி பிரிச்ச டிராக்டரைக்கூட இழுத்துட்டுப் போய்ட்டாங்க மெர்வ். இன்னிக்குத் தீர்மானம் நிறைவேறிச்சுன்னா ஷெட்டைப் பூட்டிட்டு ஊரை விட்டுப் போறோம். வேற வழி இல்ல."

ட்ரேஸி போனால் இந்த ஊரில் என்னோடு சரிக்குச் சரி சண்டை போட ஆளில்லை.

"மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு," என்றார் மெர்வ். "க்ளெனிஸ், கடையைப் பூட்டு."

"இது கடை இல்லய்யா, அரசாங்க அலுவலகம்."

"அப்ப அரசாங்கத்தைப் பூட்டு."

---

சங்கத்து ஷெட்டில் டெஸ்மண்ட் பிராட்லி பெயிண்ட் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். எப்போது போனாலும் பிரஷ்ஷோடுதான் நிற்பார். ராணுவத்தில் இருந்த காலம் முழுக்க ஸ்டோர் ரூமில் பூட்ஸும் போர்வையும் எண்ணிக் கொடுத்தவர் அவர். எதிரி என்று அவர் பார்த்தது கரையானை மட்டும்தான். ஆனால் நிற்பதைப் பார்த்தால் ஐந்தாறு நாட்டைப் பிடித்தவர் மாதிரி இருக்கும்.

பிரிகேடியர் பச்சைப் பசேலென்று மின்னியது. சக்கரத்து நட்டு, கொக்கி, கண்ணாடிச் சட்டம், எல்லாம் பச்சை. ஹார்னுக்குள்ளேயும் பச்சை. அது ஏன் மூக்கடைத்தவன் மாதிரி ஊதுகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஒவ்வொரு வருஷமும் ஒரு கோட்," என்றார் பிராட்லி பெருமையாக. "ராணுவத்துல ஒரே விதிதான். அசைஞ்சா சல்யூட் அடி. அசையலன்னா பெயிண்ட் அடி."

"நல்லவேளை, நான் அசைஞ்சுக்கிட்டே இருக்கேன்," என்றேன்.

மெர்வ் என் காலை மிதித்தார். "ப்ளூ மேல ஏன் சந்தேகம் டெஸ்?"

"சந்தேகமா? ஆதாரமே இருக்கு!" பிராட்லி அலமாரியைத் திறந்து ஒரு ஜாடியை எடுத்தார். மேலே டீசல், அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். "நானே என் கையால டேங்க்லேர்ந்து எடுத்தேன். டீசல்ல தண்ணி எங்கேர்ந்து வரும்? வானத்துலேர்ந்தா? மழை பேஞ்சு எத்தன நாளாச்சு! போன வருஷம் வண்டிய நான் ஓட்டறேன்னு கேட்டான். செயற்குழு கர்லிக்குக் குடுத்துச்சு. அந்த வயித்தெரிச்சல்."

மெர்வ் ஜாடியைத் திறந்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். டீசல் வாடைக்குப் பின்னால் இன்னொரு வாடை நின்றது. சங்கத்து பாரில் பீரோடு கடித்துக்கொள்ள வைத்திருக்கிறார்களே, வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம், அதே வாடை.

"டெஸ், இந்த ஜாடி எங்க எடுத்தே?"

"பார்ல காலியா இருந்துச்சு. நல்லாக் கழுவிட்டுத்தான் எடுத்தேன்."

"கழுவினே. தொடச்சியா?"

பிராட்லி ஜாடியைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. "ப்ளூ ரொம்பக் கெட்டவன் மெர்வ். தண்ணிய மட்டும் ஊத்தல, வெங்காயமும் உரிச்சுப் போட்டிருக்கான்."

"சிரிங்க, சிரிங்க!" பிராட்லி முகம் சிவந்தது. "ஜாடி போகட்டும். அதனாலதான் டேங்க் மூடிக்குப் பூட்டே போட்டேன். சாவி இங்க இருக்கு." கழுத்திலிருந்த கயிற்றை இழுத்துக் காட்டினார். "பூட்டின பிறகு என்னாச்சு தெரியுமா? முன்னால நின்னா உடனே கிளம்பற வண்டி, போன சனிக்கிழமை நின்னது நின்னதுதான். ப்ளூ முட்டி முட்டிப் பாத்தான், கிளம்பல. டிராக்டர் கட்டி இழுத்துட்டு வந்தோம். காலைல வந்து பொத்தானை அமுக்கறேன், குழந்த மாதிரி ஸ்டார்ட் ஆகுது! பூட்டுப் போட்ட கோவத்துல செஞ்ச வேல. வேற என்ன?"

"டேங்க்ல இப்ப எவ்வளவு இருக்கு?"

"இது என்ன கேள்வி? விளிம்பு வரைக்கும் இருக்கு. அணிவகுப்புக்குப் போற ராணுவ வண்டி அரை டேங்கோட போகுமா? என் உயிர் இருக்கற வரைக்கும் போகாது."

மெர்வ் குனிந்து டேங்க் மூடியையே பார்த்தார். பச்சையாய், வழவழவென்று, சாணி மெழுகிய மாதிரி இருந்தது. விரலால் ஒரு தடவு தடவிவிட்டு நிமிர்ந்தார்.

---

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஏற்றத்தில் இருக்கிறது ப்ளூவின் ஒர்க்‌ஷாப். எங்கள் ஊரில் மேடு என்று அது ஒன்றுதான் உண்டு. மற்றபடி நாயை அவிழ்த்துவிட்டால் மூன்று நாள் ஓடினாலும் கண்ணில் தெரியும் பூமி.

ப்ளூ காலி ஷெட்டில் கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான், கை கொடுக்க வந்தான், கிரீஸ் இருக்கிறதோ என்று உள்ளங்கையைப் பார்த்தான். கை துப்புரவாக இருந்தது. வேலை இல்லாத மெக்கானிக்கின் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

"என்ன கோளாறுன்னு நீ நினைக்கறே?" என்றார் மெர்வ்.

"தெரியல மெர்வ்." ப்ளூ தலையைச் சொறிந்தான். "எஞ்சினுக்கு டீசல் வந்து சேரல. அது மட்டும் நிச்சயம். ஃபில்டர் புதுசு. குழாய் மொத்தத்தையும் கழட்டி ஊதிப் பாத்தேன், சுத்தம். காத்து புகுந்திருக்கும்னு காத்தை வெளியேத்தினேன். மொத ரெண்டு வாட்டி அதுல சரியாச்சு. பூட்டுப் போட்ட அன்னிக்கு ஆகல. டீசல் ஏத்தற கைப்பம்ப்பை அமுக்கினா கல்லு மாதிரி இருக்கு. இழுக்கவே மாட்டேங்குது."

"மொத ரெண்டு வாட்டி நீ வர்றதுக்கு முன்னால வண்டிய யாரு தொட்டா?"

"யாரும் தொடல. கர்லி மட்டும் குச்சி விட்டு டீசல் அளவு பாத்தான். அளவு காட்டற முள்ளு வேல செஞ்சு பல வருஷமாச்சே அந்த வண்டில."

மெர்வின் தீக்குச்சி இடக்கடையிலிருந்து வலக்கடைக்குப் போனது.

"ப்ளூ," என்றேன், "நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் மூடிக்கொண்டான். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வெளியே வந்ததும் மெர்விடம் சொன்னேன். "எதையோ மென்னு முழுங்கறான்யா."

"பாத்தேன்," என்றார் மெர்வ்.

---

பேக்கரியில் கர்லி கறி அடைத்துச் சுட்ட 'மீட் பை'யில் இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை வியர்த்து மின்னியது. மெர்வ் தனக்கொரு பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, கத்தியும் முள்கரண்டியும் கேட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. கையில் பிடித்துத் தின்ன வேண்டிய பண்டத்தை இப்படி ஆபரேஷன் செய்து தின்கிறவரோடு சுற்றுகிறேனே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மானம் போகிறது.

"கர்லி, பிரிகேடியர் ஒத்திகைல மட்டுந்தான் நிக்குதா?"

"அதான்யா அதிசயம்!" கர்லி வாயை நிரப்பிக்கொண்டே பேசினான். "போன மாசம் கண்காட்சித் திடலுக்கு நாற்காலி, பந்தல் கம்பெல்லாம் ஏத்திட்டு நாள் பூரா ஓடினேன். அதே மேட்டுலதான் போக வர. ஒரு இருமல் இல்ல, தும்மல் இல்ல. பிராட்லிகிட்ட சொன்னா, 'பாத்தியா! வேலைக்குப் போனா ஓடுது, மரியாதைக்குப் போனா நிக்குது, இது நம்ம கௌரவத்து மேல நடக்கற தாக்குதல்'னு கண்ணைத் தொடச்சிக்கறாரு."

"நாற்காலி ஏத்தின அன்னிக்கு டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?"

"பாதிக்கும் கீழ. வேலைக்குப் போற வண்டிக்கு எவன் முழுசா ஊத்துவான்?"

"அதாவது பசியோட இருந்தா ஓடுது, வயிறு நெறைஞ்சா நின்னுடுது," என்றேன். "இது லாரி இல்ல மெர்வ், என் வீட்டுக்காரன்."

மெர்வ் சிரிக்கவில்லை. தக்காளி சாஸ் பிளாஸ்டிக் புட்டியை எடுத்துத் தன் பையின் மேல் கவிழ்த்து அமுக்கினார். கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றது. புட்டியின் மூக்கில் சாஸ் காய்ந்து அடைத்திருந்தது. விரலை எடுத்த பிறகும் புட்டி உப்பவில்லை. இரண்டு பக்கமும் கன்னம் ஒட்டிப்போய், பட்டினி கிடந்தவன் மாதிரி அப்படியே இருந்தது.

மெர்வ் அந்தப் புட்டியையே பார்த்தார். பை ஆறிப்போனது. வாயில் தீக்குச்சி இல்லாததால் அவர் யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. திடீரென்று எழுந்து புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ மெர்வ், நீயே திருட ஆரம்பிச்சிட்டியா?"

"க்ளெனிஸ், ஒத்திகைக்கு ஊர்ல எத்தன பேரைக் கூட்ட முடியும்?"

"தபால்காரிகிட்ட கேக்கற கேள்வியா இது? 'யாரும் வராதீங்க, ரகசியம்'னு நாலு பேருக்கு போன் போட்டா போதும்."

---

ஊர் திரண்டுவிட்டது. பள்ளிக்கூட பேண்டு முன்னால். பின்னால் பிரிகேடியர், ஸ்டீயரிங்கில் கர்லி, பக்கத்தில் பதக்கங்களோடு பிராட்லி. மேலே நாற்காலிகளில் ஆறு பழைய சிப்பாய்கள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கம்பீரமாக வந்தது. பேக்கரியைத் தாண்டியது, தேவாலயத்தைத் தாண்டியது, மேட்டில் ஏறியது. ப்ளூவின் வாசலுக்கு நேராக இரண்டு இருமல், ஒரு விக்கல். நின்றது.

கூட்டத்தில் ஒரு 'ச்ச்ச்' ஓடியது. எல்லாத் தலையும் ப்ளூ பக்கம் திரும்பியது. ட்ரேஸி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிராட்லி இறங்கினார். "பாத்தீங்களா! கண்ணால பாத்தீங்களா! இனி பேச்சே இல்ல, தீர்மானத்தை இங்கயே எடுத்துக்கறோம். 'பிரிகேடியருக்கு டீசல் போகாம தடுத்தவர் பேரு சங்கத்துலேர்ந்து நீக்கப்படுது.' ஆதரிக்கறவங்க..."

"டெஸ், அதுக்கு முன்னால அந்தப் பூட்டைத் திற," என்றார் மெர்வ்.

"முடியாது. விசாரணை முடியற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு செயற்குழு முடிவு."

"விசாரணைக்குத்தான் திறக்கச் சொல்றேன்."

"திறந்தா விசாரணை நடக்கறப்பவே திறந்த மாதிரி ஆகும். விதி விதிதான்."

அப்போது லாரி மேலிருந்து ஒரு கிழக்குரல் வந்தது. "விதியை அப்புறம் பாத்துக்கலாம்! எனக்கு ஒண்ணுக்கு முட்டுது. முடிவு போட்ட செயற்குழு என்னைக் கேட்டாப் போட்டுச்சு?"

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு முன்னால் எந்த விதியும் நிற்காது. பிராட்லி விறைப்பாகக் கழுத்துக் கயிற்றை உருவினார்.

"பேண்டை நிறுத்துங்க," என்றார் மெர்வ். "கர்லி, பிரேக்ல கால் வெக்காதே. காத்து பிரேக் விடற சத்தத்துலதான் மூடியோட சத்தம் இதுவரைக்கும் யார் காதுலயும் விழல. எல்லாரும் ஒரு நிமிஷம் வாயை மூடுங்க. க்ளெனிஸ், நீயும்தான்."

பூட்டுத் திறந்தது. பிராட்லி மூடியைத் திருகினார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முக்கித் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

தேவாலயப் படியில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த யானை பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

"ப்ளூ, இப்ப கைப்பம்ப்பை அமுக்கு," என்றார் மெர்வ்.

ப்ளூ ஓடிப்போய் அமுக்கினான். அவன் முகம் மாறியது. "இழுக்குது! மெர்வ், இழுக்குது!"

கர்லி பொத்தானை அழுத்தினான். எஞ்சின் உறுமியது.

மெர்வ் சட்டைப் பையிலிருந்து சாஸ் புட்டியை எடுத்து ஊருக்குக் காட்டினார். "பாருங்க. உள்ளேர்ந்து சாஸ் வெளிய வரணும்னா, அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். போக வழி இல்லன்னா புட்டி கன்னம் ஒட்டிக்கிட்டு நிக்கும், சாஸ் வராது. டேங்கும் அதேதான். அது இரும்பு, ஒட்டாது. எஞ்சின் இழுக்கற டீசலைத் திருப்பி இழுத்துப் பிடிச்சுக்கும். அரை டேங்க்ல உள்ள காத்து நிறைய, ரொம்ப நேரம் தாங்கும். விளிம்பு வரைக்கும் ஊத்தினா காத்துக்கு இடமே இல்ல. சீக்கிரமே இறுகிடும். மேட்டுல ஏறறப்ப எஞ்சின் அதிகமாக் கேக்கும், அங்க நின்னுடும். ஊர்ல மேடு ஒண்ணுதான். அது ப்ளூ வாசல்ல இருக்கறது ப்ளூவோட குத்தமா?"

"அப்ப முன்னாலயெல்லாம் எப்படிக் கிளம்புச்சு?" என்றான் கர்லி.

"நீ குச்சி விட மூடியைத் திறந்தியே. வண்டியக் கிளப்பினது நீ. பேர் வாங்கினது ப்ளூ. பூட்டுப் போட்டப்புறம் திறக்க ஆளில்ல. ஆனா எவ்வளவு இறுக்கமான மூடியா இருந்தாலும் ராத்திரி பூரா காத்து மயிரிழையா போய்ச் சேரும், காலைல ஸ்டார்ட் ஆகும்."

"காத்து போற வழிய எவன் அடைச்சான்?" என்று பிராட்லி கத்தினார்.

மெர்வ் மூடியைக் கையில் வாங்கினார். பிராட்லியின் மார்பிலிருந்து ஒரு பதக்கத்தை, கேட்காமல், கழற்றினார். அதன் ஊசியால் மூடியின் நடுவில் குத்திக் கிளறினார். பச்சைச் செதில் ஒன்று பெயர்ந்தது. அதன் கீழ் இன்னொரு பச்சை. அதன் கீழ் இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. எல்லாவற்றுக்கும் அடியில் கடுகளவு ஒரு துளை.

"அசையலன்னா பெயிண்ட் அடி," என்றார் மெர்வ்.

சிரிப்பு வெடித்தது. பேண்டு வாசிக்கும் பையன் ஒருவன் தாங்க முடியாமல் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினான். ட்ரேஸி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் துள்ளிக் குதிக்காத குறை. போன வாரம் முழுக்க ப்ளூவைத் தூற்றியவர்களில் நாலு பேர் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் கர்லி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"ஆனா மெர்வ், அவரு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கறாரே. அடியில இருக்கற கோட்டுலயே துளை அடைஞ்சு போச்சே. இந்த வருஷம் மட்டும் ஏன் நின்னுச்சு?"

சிரிப்பு அடங்கியது. மெர்வ் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் முழிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரப்பர்," என்றது ஒரு குரல்.

ப்ளூ. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"மூடிக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழசு பிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. துளை அடைஞ்சிருந்தாலும் அந்த இடுக்கு வழியாக் காத்து போயிருக்கு. பிப்ரவரில புதுசு போட்டேன். நல்லா இறுக்கமா போட்டேன்." மெர்வின் கையிலிருந்த மூடியைக் காட்டினான். "நான்தான் போட்டேன்."

ஐயோ மடையா, என்று எனக்குக் கத்தத் தோன்றியது. ஜெயித்து முடித்த ஆட்டத்தில் சொந்த கோலுக்குள் பந்தை உதைக்கிறவனை என்ன செய்வது? பின்வரிசையில் ஒருவன், "அப்ப இவனுந்தானே அடைச்சிருக்கான்," என்று ஆரம்பித்தே விட்டான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சும்மா சொன்னதில்லை.

"ப்ளூ!" ட்ரேஸி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யார் சொல்லிப் போட்டே? அதையும் சொல்லித் தொலையேன்!"

"என் வாயால சொன்னா, தப்பிக்கறதுக்காகச் சொல்றேம்பாங்க," என்றான் ப்ளூ. "சொன்னவங்க இங்கதான் நிக்கறாங்க. அவங்க சொல்லட்டும்."

மெர்வ் மெல்லத் திரும்பினார். நானும் திரும்பினேன். பிராட்லி மெர்வின் கையிலிருந்து மூடியை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கடுகளவுத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்றைக்கே ப்ளூ காலி. அவர் பெயரும் காப்பாற்றப்படும். எந்தக் குழுவுக்கும் எந்தச் சாட்சியும் கிடைக்காது. அவருக்கும் அது தெரியும் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மேலேயிருந்த கிழவர்கூட ஒன்றுக்கு வருவதை மறந்துவிட்டார்.

பிராட்லி தொப்பியைக் கழற்றினார்.

"டேங்க் ரொம்பினா மூடி ஓரமா டீசல் கசிஞ்சுது," என்றார். குரல் ஸ்டோர் ரூமில் சாமான் ஒப்படைக்கிறவரின் குரல் மாதிரியே இருந்தது. "புது பெயிண்ட்ல கறை வழிஞ்சுது. ரப்பரை மாத்துன்னு உத்தரவு போட்டது நான். துளைக்கு மேல பெயிண்ட் அடிச்சது நான். பூட்டுப் போட்டது நான். ஜாடியைத் துடைக்காம விட்டதும் நான்தான்." கர்லி பக்கம் திரும்பினார். "கர்லி, தீர்மானத்துல என் பேரை எழுதிக்கோ."

கர்லி எதில் எழுதுவது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினான்.

"உங்க பேரை எழுதி எங்களுக்கு என்னத்துக்கு ஆகுது?" ட்ரேஸி அவர் முன்னால் போய் நின்றாள். "நீங்க வாயைத் திறந்தது சங்கத்துல மட்டும் இல்ல. ஒவ்வொருத்தன் பண்ணைக்கும் போய், டீ குடிச்சுட்டு, சொல்லிட்டு வந்தீங்க. அதே மாதிரி போய் இல்லன்னு சொல்லுங்க. ஒருத்தர் விடாம. டீ குடிக்காம!"

பிராட்லி தொப்பியை மாட்டிக்கொண்டார், விறைத்தார், நேராகக் கர்லியிடம் போனார்.

"கர்லி, ப்ளூ மேல தப்பில்ல."

"நான் இங்கயேதானே நிக்கறேன் டெஸ், எல்லாத்தையும் கேட்டேனே."

"இருந்தாலும் சொல்லணும்."

அடுத்து பேக்கரிக்காரர். அடுத்து பின்வரிசையில் வாயைத் திறந்தவன். அவனிடம் இரண்டு தடவை சொன்னார். என்னிடம் வந்து, "க்ளெனிஸ், ப்ளூ மேல தப்பில்ல," என்றார். எனக்கு நாக்கு நுனியில் மூன்று பதில்கள் நின்றன. அவர் கண்ணைப் பார்த்துவிட்டு மூன்றையும் விழுங்கினேன். "சரி டெஸ்," என்றேன். மேலேயிருந்த ஆறு கிழவர்களையும் அவர் விடவில்லை. காது கேட்காத ஒருவரிடம் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். கூட்டம் வரிசையாக நின்று வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கலைந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அதற்குள் ட்ரேஸியிடம் டிராக்டரை எப்போது கொண்டுவரலாம் என்று விசாரித்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது ப்ளூ ஒருவன்தான். பிராட்லி அவன் முன்னால் வந்து நின்றார். பழக்க தோஷம், அவனிடமும் அதையே சொன்னார்.

"ப்ளூ மேல தப்பில்ல."

நாங்கள் சிரிக்கத் தயாரானோம். ப்ளூ சிரிக்கவில்லை. கைப்பம்ப் அமுக்கியதில் ஒட்டிய கிரீஸைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நெஜமாவா டெஸ்?" என்று கேட்டான். "போன சனிக்கிழமைலேர்ந்து எனக்கே சந்தேகமா இருந்துச்சு."